சீன முதுகலை நுழைவுத்தேர்வு: ஆங்கில வாசிப்புப் பகுதியைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்குபவருக்கு

சீனாவில் முதுகலை படிக்க விரும்புகிறவர்கள் எழுதும் தேசிய நுழைவுத்தேர்வுக்குப் பேச்சுவழக்கில் 'காவ்யென்' என்று பெயர். டிசம்பர் மாதக் கடைசியில், பெரும்பாலும் ஒரு சனி, ஞாயிறில் நடக்கும். 2023 சேர்க்கைக்கு 47 லட்சத்து 40 ஆயிரம் பேர் விண்ணப்பித்தார்கள். 2025 சேர்க்கைக்கு அது 38 லட்சத்து 80 ஆயிரமாக இறங்கியது. இறங்கிய பிறகும் கூட்டம் இவ்வளவு. பெரும்பாலான துறைகளில் மொத்தம் 500 மதிப்பெண்: அரசியல் 100, அந்நிய மொழி 100, துறைத் தாள்கள் இரண்டுக்கும் தலா 150. அந்நிய மொழி என்றால் மிகப் பலருக்கு ஆங்கிலம்தான்.

மொத்த மதிப்பெண்ணுக்குக் கட்-ஆஃப் இருப்பதுபோல ஒவ்வொரு தாளுக்கும் தனிக் கட்-ஆஃப் உண்டு. 2023, 2024 ஆண்டுகளில் வளர்ந்த மாகாணங்களில் ஆங்கிலத்துக்கான கட்-ஆஃப் பொறியியல் துறைகளுக்கு 30-களின் பிற்பகுதியிலும், இலக்கியத் துறைகளுக்கு 50-களின் நடுப்பகுதியிலும் நின்றது. கேட்க எளிதாகத் தோன்றும். ஆனால் கணக்கிலும் துறைப் பாடத்திலும் நன்றாக எழுதிய பிள்ளை, ஆங்கிலத்தில் ஒன்றிரண்டு மதிப்பெண் குறைந்ததால் நேர்காணலுக்கே கூப்பிடப்படாமல் போவது ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது. ஓராண்டு உழைப்பு அங்கேயே நின்றுவிடும். அதனால்தான் இந்தத் தாளைச் சொல்லிக்கொடுப்பவர் பொறுப்போடு தயாராக வேண்டும் என்கிறோம்.

இணையவழியில் ஆங்கிலம் கற்பிக்கும் தமிழ் ஆசிரியர்கள், முதன்முதலாக ஒரு காவ்யென் மாணவரை ஏற்கும்போது என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதுதான் இங்கே விஷயம். சீன மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. தமிழ் தெரிந்திருப்பது எதிர்பாராத ஓர் உதவியாக இருக்கும்; அதைப் பின்னால் பார்ப்போம்.

முதல் வேலை: எந்தத் தாள் என்று கேளுங்கள்

ஆங்கிலத் தாள் இரண்டு வகை. குறியீட்டு எண் 201 என்றால் 'ஆங்கிலம் ஒன்று'. 204 என்றால் 'ஆங்கிலம் இரண்டு'. இரண்டாவது 2010-இல் வந்தது. ஆய்வு நோக்கிலான முதுகலைக்குப் பெரும்பாலும் 201, தொழில்முறை முதுகலைக்குப் பெரும்பாலும் 204. இதை நம்பி நீங்களாக முடிவு செய்துவிடக் கூடாது. சட்டம், மருத்துவம் போன்ற சில தொழில்முறைப் படிப்புகள் 201-ஐயே கேட்கின்றன. மாணவர் சேர விரும்பும் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அறிவிப்பை அவரையே எடுத்துப் பார்க்கச் சொல்லி, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தேர்வு 3 மணி நேரம். முதல் நாள் மதியம், 2 மணி முதல் 5 மணி வரை. காது கொடுத்துக் கேட்டு எழுதும் பகுதி இந்த எழுத்துத்தேர்வில் கிடையாது. 100 மதிப்பெண்ணும் படிப்பதிலும் எழுதுவதிலும்தான். 201-இல் பிரிவு இப்படி: கோடிட்ட இடம் நிரப்பும் 20 கேள்விக்கு 10 மதிப்பெண், வாசிப்பு 'ஏ' பகுதியில் 4 கட்டுரை, 20 கேள்வி, 40 மதிப்பெண், 'பி' பகுதியில் 5 கேள்விக்கு 10, சீனத்தில் மொழிபெயர்க்க அடிக்கோடிட்ட 5 வாக்கியங்களுக்கு 10, எழுத்துப் பகுதி 30. தாள் 204-இல் மொழிபெயர்ப்புக்கு 15, எழுத்துக்கு 25. வாசிப்பு 'ஏ' இரண்டிலும் 40 தான்.

ஒரு கணக்கை மாணவரிடம் முதல் வகுப்பிலேயே போட்டுக் காட்டுங்கள். கோடிட்ட இடம் ஒன்று சரியானால் அரை மதிப்பெண். வாசிப்புக் கேள்வி ஒன்று சரியானால் 2 மதிப்பெண். நான்கு கோடிட்ட இடங்களைப் போராடி நிரப்பியதற்குச் சமம், வாசிப்பில் ஒரே ஒரு கேள்வி. 'வாசிப்பை வென்றவர் உலகை வென்றவர்' என்று காவ்யென் மாணவர்கள் சொல்லிக்கொள்வது இதனால்தான்.

எங்கே தடுக்கி விழுகிறார்கள்

'சொல் போதவில்லை' என்றுதான் ஏறக்குறைய எல்லா மாணவரும் உங்களிடம் சொல்வார்கள். பாதிதான் உண்மை. பாடத்திட்டம் எதிர்பார்ப்பது சுமார் 5,500 சொல். அதைக் கரைத்துக் குடித்தவர்களும் 20-க்கு 10 கேள்வியில் நிற்கிறார்கள். காரணம் இரண்டு. வாக்கியத்தின் எழுவாயும் பயனிலையும் எங்கே என்று பிடிபடுவதில்லை. பிடிபட்டாலும், விடையைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டுரைக்குத் திரும்பாமல் தன் மனத்தில் பட்டதை வைத்து முடிவு செய்துவிடுகிறார்கள். மற்ற எல்லாப் பயிற்சியும் இந்த இரண்டுக்குப் பிறகுதான்.

வாக்கியச் சிக்கல் சீன மொழியிலிருந்து வருகிறது. சீனத்தில் ஒரு பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் அந்தப் பெயருக்கு முன்னாலேயே சொல்லிவிட்டு, 'த' என்ற சிறு சொல்லால் பெயரோடு கட்டுவார்கள். தமிழிலும் அப்படித்தானே? 'நேற்றுச் சந்தையில் வாங்கிய மீன்' என்கிறோம். மீன் கடைசியில் வருகிறது. ஆங்கிலம் மீனை முதலில் போட்டுவிட்டு 'விச்', 'தட்', 'ஹூ' என்று வாலை நீட்டும். வால் நீள நீளச் சீன மாணவரின் கண், வாலுக்குள் இருக்கும் வினையை முதன்மை வினை என்று எடுத்துக்கொள்ளும். தமிழ் ஆசிரியருக்கு இந்தத் தடுமாற்றம் புதிதில்லை. நம் பிள்ளைகளும் இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். தமிழ் தெரிந்தது உதவி என்று மேலே சொன்னது இதைத்தான்.

இதற்காகவே எழுதிய ஒரு வாக்கியத்தைப் பாருங்கள்:

'தி ஆர்க்யுமென்ட் தட் சிட்டீஸ் விச் பில்ட் மோர் ரோட்ஸ் வில் ஸீ லெஸ் டிராஃபிக், தோ பாப்புலர் அமங் பாலிடீஷியன்ஸ், ஹேஸ் ரேர்லி சர்வைவ்டு எ கேர்ஃபுல் லுக் அட் தி டேட்டா.'

மாணவரிடம் கொடுத்தால் வேகமாகப் படித்துவிட்டு, 'சாலை போட்டால் நெரிசல் குறையும் என்று கட்டுரையாளர் சொல்கிறார்' என்பார். நேர்மாறு. அவரிடம் இப்படிச் செய்யச் சொல்லுங்கள். காலம் காட்டும் வினைகளை வட்டமிட வேண்டும்: 'பில்ட்', 'வில் ஸீ', 'ஹேஸ் சர்வைவ்டு'. மூன்று. அடுத்து, துணை வாக்கியத்தைத் தொடங்கும் இணைப்புச் சொற்களைச் சதுரமிட வேண்டும்: 'தட்', 'விச்'. இரண்டு. 'தோ'வுக்குப் பின்னால் வினை இல்லை, அதனால் கணக்கில் வராது. மூன்றிலிருந்து இரண்டு போனால் ஒன்று. அந்த ஒன்றுதான் முதன்மை வினை. ஒவ்வொரு இணைப்புச் சொல்லும் தனக்குப் பின்னால் வரும் வினை ஒன்றைப் பிடித்துக்கொள்ளும்: 'விச்'சுக்கு 'பில்ட்', 'தட்'டுக்கு 'வில் ஸீ'. எதிலும் மாட்டாமல் மிஞ்சுவது 'ஹேஸ் ரேர்லி சர்வைவ்டு'. அதன் எழுவாய் வாக்கியத் தொடக்கத்தில் இருக்கும் 'ஆர்க்யுமென்ட்'. ஆக வாக்கியம் சொல்வது இவ்வளவுதான்: வாதம் பெரும்பாலும் பிழைத்ததில்லை. என்ன வாதம், யாரிடம் செல்வாக்குள்ளது என்பதெல்லாம் அந்த எலும்பில் ஏறிய சதை.

இந்த வினை எண்ணும் முறை இரண்டு இடத்தில் ஏமாற்றும். இணைப்புச் சொல்லை ஆங்கிலம் விழுங்கிவிடும் இடம் ஒன்று: 'தி புக் ஐ பாட்' என்றால் நடுவில் ஒரு 'தட்' மறைந்திருக்கிறது. 'அண்டு' போட்டு இரண்டு வினைகளை அடுக்கும் இடம் இன்னொன்று. கழித்து ஒன்று வரவில்லை என்றால் முதலில் இந்த இரண்டையும் சந்தேகப்படச் சொல்லுங்கள்.

'தோ'வைப் பற்றி இன்னொரு செய்தி. சீனத்தில் 'சுவெய்ரான்' என்று தொடங்கினால் பின்னால் 'தான்ஷி' என்று முடிப்பது வழக்கம்; 'என்றாலும்', 'ஆனால்' இரண்டும் ஜோடியாக வரும். ஆங்கிலத்தில் ஒன்றுதான் வரும். மாணவர் 'பட்'டைத் தேடிக்கொண்டே 'தோ', 'வைல்', 'டிஸ்பைட்' ஆகியவற்றின் மேல் வழுக்கிப் போய்விடுவார். கட்டுரையாளரின் உண்மைக் கருத்து நிற்கும் இடம் அந்தத் திருப்பம்தான். முதல் மாதம் முழுக்க, திருப்பச் சொல் எங்கே வந்தாலும் பென்சிலால் முக்கோணம் போடும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள்.

தினமும் இப்படி மூன்று வாக்கியம் போதும். பத்து வேண்டாம். மூன்றையும் வட்டம், சதுரம் போட்டுப் பிரித்து, பொருளைச் சொந்த வார்த்தையில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சீனத்தில் சொன்னாலும் பரவாயில்லை. பிரித்தது சரியா என்பதைத் தாளில் இருக்கும் வட்டமும் சதுரமுமே உங்களுக்குக் காட்டிவிடும்.

சொல் விஷயத்தில் செய்ய வேண்டியது கொஞ்சம்

சீனச் சொற்பட்டியல் நூல்கள் பலவும் அகரவரிசையில் 'அபாண்டன்' என்ற சொல்லில் தொடங்கும். அதனால் 'ஏ' வரிசைச் சொற்கள் எல்லாருக்கும் தெரியும், 'எஸ்'ஸுக்குப் பிறகு தள்ளாடுவார்கள். வரிசை கலைந்த பட்டியலை எடுக்கச் சொல்லுங்கள். அதைவிட முக்கியம், தெரிந்த சொல்லின் தெரியாத பொருள். 'அட்ரெஸ்' என்றால் முகவரி என்று மனப்பாடம் செய்தவர், ஒரு பிரச்சினையை 'அட்ரெஸ்' செய்வது என்று வந்தால் நின்றுவிடுவார். 'குவாலிஃபை' தகுதி பெறுவது மட்டுமில்லை, ஒரு கூற்றை மட்டுப்படுத்துவதும்கூட. 'சாம்பியன்' வினையாக வந்தால் ஒன்றை முன்னின்று ஆதரிப்பது. 'டிஸ்கவுன்ட்' என்றால் பொருட்படுத்தாமல் தள்ளுவது. 'நாவல்' என்றால் புதுமையான. 'அப்ரீஷியேட்' என்றால் விலை ஏறுவது. இப்படிப்பட்ட சொற்களுக்கென்று தனி நோட்டு ஒன்று போடச் சொல்லுங்கள். தேர்வு தயாரிப்பவர்களுக்கு இந்தச் சொற்கள் மிகப் பிடித்தமானவை. தெரியாத சொல் என்றால் மாணவர் எச்சரிக்கையாக இருப்பார். இங்கேயோ தெரிந்ததாக நினைத்துத் தைரியமாகத் தவறு செய்வார்.

பின்னணி அறிவும் சேர்த்துக் கொடுக்க வேண்டியதுதான். கட்டுரைகள் பெரும்பாலும் எக்கனாமிஸ்ட், கார்டியன், சயின்டிஃபிக் அமெரிக்கன், நியூயார்க் டைம்ஸ் போன்ற பிரிட்டிஷ், அமெரிக்க இதழ்களிலிருந்து சுருக்கி எடுக்கப்படுகின்றன. 2012 தாளில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துக்கும் ஓர் அணுமின் நிறுவனத்துக்கும் நடந்த தகராறு வந்தது. 2013-இல் அரிசோனா மாநிலத்தின் குடியேற்றச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் பெருமளவு ரத்து செய்தது வந்தது. இரண்டிலுமே மாநிலத்தின் அதிகாரம் எங்கே முடிகிறது, மத்திய அரசின் அதிகாரம் எங்கே தொடங்குகிறது என்பதுதான் அடிநாதம். ஒற்றையாட்சி நாட்டில் வளர்ந்த மாணவருக்கு அந்த இழுபறி பழக்கமில்லாதது. இந்தியாவில் தினசரி செய்தித்தாள் படிக்கும் நமக்கு அது அன்றாடம். ஒரு பத்து விஷயங்களை, ஒவ்வொன்றுக்கும் 15 நிமிடம் ஒதுக்கி விளக்குங்கள்: மத்திய, மாநில அதிகாரம், நீதிமன்றத் தீர்ப்பு, தொழிற்சங்கம், ஓய்வூதியம், பணவீக்கம், ஆய்விதழில் சக ஆய்வாளர் மதிப்பீடு, தனிநபர் தகவல் பாதுகாப்பு, இப்படி. விடை கட்டுரையில் இருக்கும். விளக்கம் அதைப் படிக்கும் பயத்தைப் போக்குவதற்கு மட்டும்.

ஒரு கட்டுரைக்கு 18 நிமிடம்

201-இன் 'ஏ' பகுதியில் நான்கு கட்டுரையும் சேர்ந்து சுமார் 1,600 சொல், அதாவது ஒன்றுக்கு 400 அளவில். 72 நிமிடம் ஒதுக்கினால் கட்டுரைக்கு 18. இதில் 7 நிமிடம் படிப்பதற்கு என்றால் நிமிடத்துக்கு 60 சொல்லுக்கும் குறைவு. இது நிதானமான வேகம். வேக வாசிப்புப் பயிற்சி தேவையே இல்லை. மாணவரின் நேரம் கரைவது படிப்பதில் இல்லை, இரண்டு ஆப்ஷனுக்கு நடுவில் ஊசலாடுவதில்.

முதல் ஒரு நிமிடம்: ஐந்து கேள்விகளின் கேள்வி வரியை மட்டும் படிக்க வேண்டும். ஆப்ஷன்களைப் பார்க்கக் கூடாது. இருபது ஆப்ஷன்களில் பதினைந்து பொய். படிக்கும் முன்பே பதினைந்து பொய்யை மனத்தில் ஏற்றிக்கொண்டால், கட்டுரை அந்தப் பொய்களின் நிறத்தில்தான் தெரியும். கேள்வி வரியில் ஆள் பெயர், ஆண்டு, நிறுவனம், பத்தி எண் இருந்தால் அடிக்கோடு.

அடுத்து, பத்தி பத்தியாகப் படித்து, ஒரு பத்தி முடிந்ததும் அதற்குரிய கேள்விக்குப் போவது. கேள்விகள் பெரும்பாலும் கட்டுரையின் வரிசையிலேயே வரும். இரண்டாம் கேள்வியின் விடை முதல் கேள்வியின் இடத்துக்கு முன்னால் கிடைத்ததாகத் தோன்றினால், ஏதோ ஒன்று தப்பு. முழுக் கட்டுரையின் கருத்தைக் கேட்பதும், கட்டுரையாளரின் மனநிலையைக் கேட்பதும் மட்டும் கடைசிக்கு.

கேள்விக்கு இரண்டு நிமிடம். இடத்தைக் கண்டுபிடித்து, அந்த வாக்கியத்தையும் முன்னும் பின்னும் ஒவ்வொரு வாக்கியத்தையும் மறுபடி படித்து, அதன் பிறகே ஆப்ஷனுக்கு வர வேண்டும். நான்காம் நிலை கல்லூரி ஆங்கிலத் தேர்வை எழுதித் தேறியவர்களிடம் ஒரு பழக்கம் ஒட்டியிருக்கும்: கேள்வியில் உள்ள சொல்லைக் கட்டுரையில் தேடி, அதே சொல் இருக்கும் ஆப்ஷனைக் குறிப்பது. இங்கே அது குழியில் தள்ளும். சரியான ஆப்ஷன் கட்டுரையின் சொல்லைத் திருப்பிச் சொல்லாது. பொருளை வேறு சொல்லில் சொல்லும். கட்டுரையின் சொற்களை அப்படியே வாரி எடுத்து வைத்திருக்கும் ஆப்ஷன் பெரும்பாலும் தூண்டில்.

ஆப்ஷனை எடைபோடுவது

மேலே பார்த்த சாலை வாக்கியத்துக்குப் பின்னால் இப்படி ஓர் உதாரணம் வருவதாக வைத்துக்கொள்வோம்: ஒரு நகரத்தில் சுற்றுச்சாலையை அகலப்படுத்தினார்கள், முன்பு பேருந்தில் போனவர்கள் காருக்குத் திரும்பியதால் சில ஆண்டுகளில் அது மீண்டும் நிரம்பியது. கேள்வி: சுற்றுச்சாலையைக் குறிப்பிட்டது எதற்காக?

ஏ) அகலப்படுத்திய சாலை சில ஆண்டுகளில் நிரம்பிவிட்டது என்று சொல்ல.
பி) சாலையைப் பெருக்கினால் நெரிசல் தீரும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் போதாது என்று காட்ட.
சி) அரசியல்வாதிகள் தரவுகளை மக்களிடமிருந்து மறைப்பதை விமர்சிக்க.
டி) பேருந்துப் பயணிகள் காருக்கு மாறியதால் சாலை அகலப்படுத்தப்பட்டதை விளக்க.

கணிசமானவர்கள் 'ஏ'வைக் குறிப்பார்கள், ஏனென்றால் அது உண்மை. உண்மைதான், ஆனால் கேட்டதற்கு விடை இல்லை. 'எதற்காக' என்று கேட்டால் உதாரணத்துக்குள் விடை இருக்காது; அந்த உதாரணம் தாங்கிப் பிடிக்கும் கருத்தில் இருக்கும், அது பெரும்பாலும் முந்தைய வாக்கியம். 'டி'யில் காரணமும் விளைவும் இடம் மாறியிருக்கின்றன: அகலப்படுத்திய பிறகு காருக்கு மாறினார்கள், மாறியதால் அகலப்படுத்தவில்லை. 'சி' இல்லாததை உண்டாக்குகிறது. அரசியல்வாதியும் தரவும் கட்டுரையில் உண்டு, மறைத்தது எங்கும் இல்லை. 'பி'யில் 'சர்வைவ்' என்ற சொல்லே கிடையாது. 'பெரும்பாலும் பிழைத்ததில்லை' என்பதைத்தான் 'ஆதாரம் போதாது' என்று மாற்றிச் சொல்கிறது. விடை அது.

தவறான ஆப்ஷன்களுக்குச் சீன மாணவர்களிடம் பழக்கமான பெயர்கள் இருக்கின்றன. அவற்றையே பயன்படுத்தச் சொல்லுங்கள், நாலு எழுத்தில் எழுதி முடிக்கலாம். இல்லாததை உண்டாக்குவது, காரண விளைவைக் கவிழ்ப்பது, கருத்தை நைசாக மாற்றிவைப்பது, அளவுக்கு மீறி அறுதியிடுவது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதாகக் காட்டுவதற்கு 'சாங்கின் தொப்பியை லீயின் தலையில் வைப்பது' என்று ஒரு பழைய தொடர் உண்டு. மேற்கோள்கள் நிறைந்த கட்டுரையில் இது அடிக்கடி வரும்: ஆய்வாளர் கருத்தைக் கட்டுரையாளர் தலையில் கட்டுவது, விமர்சகர் சொன்னதை ஆதரவாளர் வாயில் போடுவது. மேற்கோள் வரும்போதெல்லாம் ஓரத்தில் யார் பேசுகிறார் என்று ஒரு எழுத்தாவது எழுதி வைத்தால் இதிலிருந்து தப்பலாம்.

குறுக்குவழிகளையும் கொண்டுவருவார்கள். 'மூன்று நீளம், ஒன்று குட்டை என்றால் குட்டையை எடு' என்று பள்ளி நாளிலேயே பாடிப் பழகியிருப்பார்கள். 'ஒன்லி', 'ஆல்', 'நெவர்' இருந்தால் தவறு, 'மே', 'கேன்' இருந்தால் சரி என்று இன்னொரு விதி. முதலாவதை அன்றே மறக்கச் சொல்லுங்கள். இரண்டாவது, சந்தேகப்படுவதற்குப் பயன்படும், முடிவு செய்வதற்கு உதவாது. கட்டுரையே 'ஒருபோதும் இல்லை' என்று அறுதியிட்டிருந்தால் விடையும் அறுதியிட்டுத்தான் வரும்.

மனநிலைக் கேள்வியில் சொல் தெரியாமல் போவதுதான் பெரிய இழப்பு. 'ஸ்கெப்டிக்கல்', 'ஆம்பிவலென்ட்', 'டாலரென்ட்', 'டிஸப்ரூவிங்' போன்ற ஒரு முப்பது சொற்களை ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை என்று மூன்று கூடையில் போட்டு மனப்பாடம் செய்துவிடலாம், ஒரு வாரம் போதும். 'இன்டிஃபரென்ட்' விடையாக வருவது அபூர்வம். அக்கறையே இல்லாத விஷயத்தைப் பற்றி ஒருவர் உட்கார்ந்து கட்டுரை எழுத மாட்டார்.

இரண்டு ஆப்ஷனில் நின்றுவிட்டால்? இரண்டும் எந்தச் சொல்லில் வேறுபடுகின்றன என்று பார்த்து, அந்த ஒரு சொல்லுக்குக் கட்டுரையில் சான்று கேட்க வேண்டும். 90 நொடியில் சான்று கிடைக்கவில்லை என்றால் ஒன்றைக் குறித்துவிட்டு, கேள்வி எண்ணின் பக்கத்தில் புள்ளி வைத்து நகர வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை.

பழைய வினாத்தாளை மூன்று முறை படிப்பது

பயிற்சிக்குப் பழைய உண்மை வினாத்தாளைவிட நல்லது எதுவும் இல்லை. கடையில் விற்கும் மாதிரித் தாள்களின் கட்டுரைகள் ஒருவேளை நன்றாக இருக்கும், ஆனால் ஆப்ஷன்கள் கரடுமுரடு. ஒன்று கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கும் அளவுக்கு இருக்கும், இன்னொன்றுக்கு நியாயமே இருக்காது. அதில் பழகினால் எடைபோடும் கை கெட்டுப்போகும். மாதிரித் தாளை நேரம் பார்த்து எழுதிப் பழக மட்டும் வையுங்கள். கடைசி மூன்று ஆண்டு உண்மைத் தாள்களை நவம்பர் வரை தொடவே விடாதீர்கள்.

ஒரு கட்டுரையை இப்படி நடத்துங்கள். முதல் முறை 18 நிமிடம், அகராதி இல்லாமல், தேர்வுபோலவே. விடை பார்க்கக் கூடாது. இரண்டாம் முறை நேரக் கட்டுப்பாடு இல்லை: ஒவ்வொரு கேள்விக்கும் சான்று வாக்கியத்தை அடிக்கோடிட்டு, மற்ற மூன்று ஆப்ஷனுக்கும் ஏன் தவறு என்று ஒரு சொல்லில் ஓரத்தில் எழுத வேண்டும். ஐந்து கேள்விக்கு ஐந்து சான்று, பதினைந்து காரணம். விடை மாற்றத் தோன்றினால் வேறு நிற மையில் மாற்றலாம். அதன் பிறகுதான் விடைத்திறவு. மூன்றாம் முறை, தெரியாத சொல்லும், கட்டுரையிலேயே மிகக் கடினமான மூன்று வாக்கியமும்.

இரண்டாம் முறைதான் உயிர். மாணவர்கள் அதைத் தாண்டி ஓடவே பார்ப்பார்கள். விடை சரியா தவறா என்று தெரிந்துகொள்ளும் அவசரம். சரியாகக் குறித்த கேள்விக்குச் சான்று காட்ட முடியவில்லை என்றால் அதையும் தவறென்றே பதிவு செய்யுங்கள். அது தேர்வு நாளில் திரும்ப வராத அதிர்ஷ்டம். தவறுகளை நான்கு கட்டமாகப் பிரித்து எழுதுங்கள்: சொல் தெரியவில்லை, வாக்கியம் பிரியவில்லை, இடம் கிடைக்கவில்லை, ஆப்ஷன் ஏமாற்றியது. பத்துக் கட்டுரை முடிந்ததும் எந்தக் கட்டம் நிரம்பியிருக்கிறது என்று பார்த்தால், அடுத்த மாதம் எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

'பி' பகுதியும் மொழிபெயர்ப்பும்

201-இன் 'பி' பகுதியில் மூன்று வகை மாறி மாறி வரும்: ஏழு துண்டில் ஐந்தை எடுத்து ஐந்து இடத்தில் பொருத்துவது, கலைந்த பத்திகளை வரிசைப்படுத்துவது, பத்திக்குத் தலைப்பைப் பொருத்துவது. 204-இல் தலைப்புப் பொருத்துவதோடு, யார் எதைச் சொன்னார் என்று பொருத்தும் வகையும் வரும். துப்பு எப்போதும் ஒட்டும் இடத்தில்தான்: 'திஸ்', 'தே', 'சச்' போன்ற சுட்டு எதைக் காட்டுகிறது, முதலில் 'எ' என்று வந்த பொருள் எங்கே 'தி' ஆகிறது, ஆளின் முழுப்பெயர் எந்தப் பத்தியில், குடும்பப்பெயர் மட்டும் எந்தப் பத்தியில். சீனத்தில் 'எ', 'தி' இல்லாததால் அவை மாணவர் கண்ணில் படுவதே இல்லை. இரண்டு வாரம் அதை மட்டும் பார்க்கப் பழக்கினால் பலன் தெரியும். வரிசைப்படுத்தும் வகையில் ஒரு பத்தி இடம் மாறினால் மற்றதும் சரியும். உறுதியாகத் தெரிந்த ஜோடியை முதலில் கட்டிவிட்டு மற்றவற்றை அதைச் சுற்றி வைக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பின் சீனத்தை நாம் திருத்த முடியாது. அதற்கு அங்கேயே ஆள் பார்க்கட்டும். நீங்கள் செய்ய வேண்டியது வாக்கியத்தை வட்டம், சதுரம் போட்டுப் பிரிப்பதைச் சரிபார்ப்பது மட்டும்.

மார்ச்சிலிருந்து டிசம்பர் வரை

மார்ச்சிலிருந்து மே வரை சொல்லும், தினம் மூன்று வாக்கியமும். ஜூனில் பழைய வினாத்தாளின் பழைய ஆண்டுகள், வாரத்துக்கு நான்கு கட்டுரை, மூன்று முறை வாசிப்போடு. செப்டம்பரில் அரசியல் பாடம் வந்து நேரத்தைத் தின்னத் தொடங்கும். அப்போது ஆங்கிலத்தை முழுதாக நிறுத்துகிறவர்கள் அதிகம். நாளுக்கு 40 நிமிடமாவது விடக் கூடாது, ஏனென்றால் வாக்கியம் பிரிக்கும் பழக்கம் மூன்று வாரம் விட்டால் மங்கிவிடும். அக்டோபரில் தேர்வுப் பதிவு. மாணவர் பல்கலைக்கழகத்தை மாற்றினால் 201, 204 எண்ணும் மாறலாம், அன்றே கேட்டுவிடுங்கள். நவம்பர் நடுவிலிருந்து, ஒளித்து வைத்த மூன்று தாள்களை, பத்து நாளுக்கு ஒன்றாக, சரியாக மதியம் 2 மணிக்கு உட்கார்ந்து எழுத வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான மந்தத்தோடுதான் உண்மைத் தேர்வும் நடக்கும்.

180 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம்: வாசிப்பு 'ஏ' 72, 'பி' 17, மொழிபெயர்ப்பு 22, எழுத்து 50, கோடிட்ட இடம் 12, விடைத்தாளில் குறிக்க 7. கோடிட்ட இடத்தைக் கடைசியில் வைப்பது எங்கள் பரிந்துரை. தாளில் அது முதலில் இருப்பதால் அதிலேயே 25 நிமிடத்தைத் தொலைத்துவிட்டு, 40 மதிப்பெண் பகுதிக்கு அவசரமாக வருகிறவர்கள் உண்டு. விடை வட்டங்களை 2பி பென்சிலால்தான் நிரப்ப வேண்டும். ஒவ்வொரு கட்டுரை முடிந்ததும் அதன் ஐந்து விடைகளை உடனே மாற்றிக் குறிக்கச் சொல்லுங்கள். கோடிட்ட இடங்களைத் தாண்டி வந்திருப்பதால், முதல் கட்டுரையின் முதல் விடை 21-ஆம் எண்ணில் விழ வேண்டும், 1-ஆம் எண்ணில் இல்லை. வீட்டில் எழுதும் மூன்று தாளிலும் இதைப் பழகிவிட வேண்டும். நான்காம் கட்டுரைக்கு 8 நிமிடமே மிஞ்சினால், பத்தி எண்ணோ பெயரோ உள்ள கேள்விகளை மட்டும் எடுத்து அந்தந்த இடத்தைப் படித்து விடை குறித்துவிட்டு, மற்றவற்றுக்கு ஏதாவது ஒரு வட்டத்தை நிரப்பிவிட்டு எழுத்துப் பகுதிக்குப் போய்விட வேண்டும்.